புத்தகமூடு, வழி: பூவரசமூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் படம் வரைய வராது. ‘நம்ம ஊர் ஓவியர்’ என்று என் போட்டோவைப் போட்டு, கீழே கைகூப்புகிற பொம்மை எல்லாம் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சும்மா. நான் நாகர்கோவிலில் ஒரு பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத வரும். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பேர், பக்கத்தில் வண்டி நம்பர், உள்ளே ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’. என் கலை அவ்வளவுதான். ஒரு காக்கா வரையச் சொன்னால் அது காக்காவா குடையா என்று எனக்கே சந்தேகம் வரும்.

போன மாதம் டிப்போவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். “அண்ணாச்சி, இப்ப எல்லா வண்டியிலயும் லைட்டு போர்டு ஓடுகு. முன்னால கையால எழுதுவீங்களாமே, அதையும் அந்தப் புத்தகமூடு சங்கதியையும் எழுதித் தாங்க. நாங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்” என்றார்கள். சரி என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

லைட்டு போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒப்பாரி வைப்பேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மழையிலும் தெரிகிறது, மையிருட்டிலும் தெரிகிறது. நான் ஒரு தகரத்துக்குள் அடக்க மூச்சுப்பிடித்துக் கஷ்டப்பட்ட பேரெல்லாம் இப்போது தன்பாட்டுக்கு நடந்து போகிறது. இந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு ‘ஊர்முழுங்கி’ என்ற பட்டப்பேரும் வந்திருக்காது.

வேலை படித்த கதையை இழுக்க வேண்டாம். ஒரு விளம்பரக் கடையில் மூன்று வருடம் வாளி கழுவினேன், பிறகு டிப்போவில் சேர்ந்தேன். எனக்கு எழுத்து சொல்லித் தந்தது அந்தக் கடை. எழுத்து யாருக்கு என்று சொல்லித் தந்தது பொன்னையா ஃபோர்மேன்.

அவர் திட்டவே மாட்டார். அதுதான் கொடுமை. ஒரு போர்டு எழுத வேண்டுமென்றால், பழைய தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு மஞ்சள் இரண்டு கோட் அடித்து, சாக்பீஸ் தடவின நூலை இழுத்துத் தெறித்துக் கோடு போட்டு, பிறகுதான் கறுப்பைத் தொடலாம். எல்லாம் முடித்து போர்டை ஒரு வண்டியில் மாட்டிவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வண்டியைப் பார்க்காமலே டிப்போ கேட்டை நோக்கி நடப்பார். நாற்பது அடி எண்ணி நின்று திரும்பி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் போடுவார். அப்படியே வெறும் கண்ணால் பார்ப்பார். “பஸ் வந்து நிக்குகதுக்கு முன்னால வாசிச்சு முடிச்சிரணும் ஓய். நின்ன பெறகு வாசிக்கதுக்கு போர்டு எதுக்கு, கண்டக்டர்ட்ட கேக்கலாம்லா” என்பார்.

நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சரியில்லையென்றால் நேராக வந்து போர்டைக் கழற்றி, சுவரோடு சாய்த்து, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். டிப்போ முழுக்கத் தெரிந்துபோகும், தங்கப்பன் போர்டு சுவரைப் பார்க்கிறது என்று. டீ கொண்டுவருகிறவன்கூட அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். அதற்கு இரண்டு அறை வாங்கிவிடலாம்.

அவர் திருப்பி வைத்த போர்டுகளில் ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இராஜாக்கமங்கலம் துறை போகிற வண்டிக்கு அவசரமாக போர்டு வேண்டியிருந்தது. இராஜாக்கமங்கலம் வேறு, துறை வேறு. ஒன்று உள்ளே இருக்கிற ஊர், மற்றது கடற்கரை. நான் நடுவிலிருந்து எழுத்தை எண்ணிப் பிரிக்காமல், திமிராக இடது ஓரத்திலிருந்து கொழுத்த எழுத்தாகப் போட்டுக்கொண்டு வந்தேன். கடைசி ‘ம்’ வரும்போதே தகரம் தீர்ந்துவிட்டது. துறைக்கு இடமில்லை. மங்கலம் தாண்டித்தானே துறை, ஆளுகளுக்குத் தெரியாதா என்று நினைத்து அப்படியே மாட்டி அனுப்பிவிட்டேன். ஃபோர்மேன் அன்றைக்கு லீவு.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண்பிள்ளை வெறும் மீன் கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குள் வந்து நின்றாள். துறையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற மரியசெல்லம். அந்தப் பனங்கூடையை விட அவள் குரல் பெரிது. “ஊர முழுங்கினவன் எவன்?” என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். அவளும் எட்டுப் பெண்களும் மீன் விற்றுவிட்டு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. ஆனால் போர்டு தெரியும். நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக இருந்தால் துறை வண்டி, ஒரே துண்டாக இருந்தால் மங்கலத்தோடு திரும்புகிற வண்டி. நான் எழுதினது ஒரே துண்டு. கண் முன்னால் நின்ற சொந்த ஊர் வண்டியை விட்டுவிட்டு, அடுத்த வண்டிவரை இரண்டு மணிநேரம் வெயிலில் காய்ந்திருக்கிறார்கள்.

பொன்னையா ஃபோர்மேன் தன் நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். அந்த போர்டைக் கழற்றிவரச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அன்றைக்கு மட்டும் வாய் திறந்து பேசினார். “ஓய் தங்கப்பன், இவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுண்ணு நெனச்சீரு. நீரு எழுதினத இவங்கதான் சரியா வாசிச்சிருக்காங்க. துறை இல்லேண்ணு எழுதியிருந்தீரு, துறைக்காரங்க ஏறல்ல.”

மரியசெல்லம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “ஆளு இத்துப்போய்தான் இருக்கான். எப்படி ஒரு ஊரையே முழுங்கினான்?” என்றாள். டிப்போவே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு நான் ஊர்முழுங்கி. நான் அவளை அண்ணி முறை வைத்து செல்லம் மைனி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அப்படியாவது கொஞ்சம் இளகுவாள் என்று பார்த்தேன், இளகவில்லை. இன்னும் கொடுமை என்னவென்றால் அவள் மீன் கொண்டுவருவது எங்கள் தெருவுக்கு. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் வாசலில் “ஊர்முழுங்கி, சாளை இருக்கு, வேணுமா?” என்று கேட்கும்.

இனி புத்தகமூட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் மரத்தின் அடியை மூடு என்போம். புளியமூடு, ஆலமூடு, இலுப்பமூடு என்று பாதி பஸ் ஸ்டாப்புக்கு மரத்தின் பேர்தான். எங்கள் ஸ்டாப்பு பூவரசமூடு. பெரிய பூவரசு, அதன் கீழே சிமென்ட் பெஞ்சோடு ஒரு நிழற்குடை. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தை வெட்டினார்கள், நிழற்குடையைத் தொடவில்லை. பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் வேலை முடிகிறவரை பஸ்கள் இங்கே நிற்காமல் அடுத்த ஸ்டாப்பான பள்ளிக்கூட முக்கில் போய் நின்றன. ரோடு முடிந்தது. பஸ் நிற்கவில்லை. புது ரோட்டில் காற்றாகப் பறந்து போனது.

பாதிக்கப்பட்டது எல்லோரும்தான், ஆனால் செல்லம் மைனிக்குத்தான் நடுமுதுகு ஒடிந்தது. முன்பு எங்கள் தெருமுனையிலேயே கடவத்தோடு இறங்குவாள். இப்போது பள்ளிக்கூட முக்கில் இறங்கி, ஐஸ் போட்ட மீனைத் தலையில் வைத்து, வீங்கின முழங்கால் முட்டோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். ஒருநாள் என் வாசலில் கடவத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். “ஓய், இந்த மழைக்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பெறகு முடியாது. ஒம்ம டிப்போவுல ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?” என்றாள்.

தெருவில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். டிப்போக்காரன் ஆயிற்றே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது மேலருந்து ஆர்டர் வந்து எடுத்தாச்சு மைனி. இனி ஒண்ணும் செய்ய முடியாது.” எல்லாம் தெரிந்த மாதிரி, வெற்றிலையை மடக்கிக்கொண்டு சொன்னேன். நான் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் தலையில் விழப்போகிறது.

பஸ் நிற்காத நிழற்குடையில் ஆடுகள் குடியேறின. எதிரே ஷைனி தையல் கடை வைத்திருக்கிறாள். வாய் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம் ஓடும். பொஸ்தகப் பைத்தியம். ஜாக்கெட் வாங்க வருகிறவர்களுக்கு ஜாக்கெட்டோடு ஒரு நாவலும் கொடுத்து அனுப்புவாள். அவள்தான் ஒருநாள் ஆடுகளைத் துரத்திவிட்டு, நிழற்குடையைக் கழுவி, ஒரு பழைய மர அலமாரியைக் கொண்டுவந்து வைத்து, தன் புத்தகங்களை அடுக்கினாள். வேண்டியதை எடுத்துப் போ, படித்துவிட்டுக் கொண்டுவா, இல்லையென்றால் வேறு ஒன்று கொண்டுவந்து வை. பூட்டு கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது.

“மாமா, சுவரெல்லாம் ஒரே ஆட்டு மூத்திர நிறம். நீங்க ஒரு மரம் வரஞ்சு தாங்க. வெட்டின மரம் சுவத்துலயாவது நிக்கட்டும்” என்று வந்து நின்றாள்.

“எனக்குப் படம் வராது மக்கா. எழுத்துதான் வரும்.”

“முப்பது வருசம் பெயின்டரா இருந்துட்டு ஒரு மரம் வராதா? யாருட்ட கத வுடுகீங்க?”

ரோசம் வந்துவிட்டது. சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்து, இரண்டு நாள் பாடுபட்டு ஒரு மரம் வரைந்தேன். மூன்றாம் நாள் காலை செல்லம் மைனி அந்தப் பக்கமாக நடந்து வந்தவள் நின்றாள். தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்பாமல், உடம்பையே சுவரைப் பார்த்துத் திருப்பிப் பார்த்தாள். “கோலிப்பூ கொள்ளாம்” என்றாள். காலிஃப்ளவர் நன்றாக இருக்கிறதாம். ஷைனி கடை வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போர்டு என்றால் பொன்னையா ஃபோர்மேன் மாதிரித் திருப்பி வைத்துவிடலாம். சுவரை எங்கே கொண்டு திருப்ப? வெள்ளையை எடுத்து மேலேயே அடித்துவிட்டேன்.

அன்று முழுக்க யோசித்தேன். தெரியாத வேலையைச் செய்தால் கோலிப்பூதான் வரும். எனக்கு என்ன வரும்? போர்டு வரும். சரி, போர்டு எழுதுவோம் என்று நிழற்குடை நெற்றியில் மஞ்சள் இரண்டு கோட் அடித்தேன். என்ன பேர் எழுதுவது என்பதில் சண்டை. ஷைனி ‘அறிவுத் தடாகம்’ என்றாள். அவள் கடைக்கு பிளவுஸ் தைக்க வந்த ஒரு அம்மா ‘ஞானச்சுடர்’ என்றார். நான் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறேன், கீழே முடிவாகவில்லை. மத்தியானம் விற்று முடித்து வெறும் கடவத்தோடு திரும்பிப் போகிற செல்லம் மைனி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“எதுக்கு இவ்வளவு பாடு? பூவரசு நிண்ணப்ப பூவரசமூடு. இப்ப பூவரசு இல்ல, பொஸ்தவம்தான் நிக்கு. பொஸ்தவமூடுண்ணு எழுதிட்டு ஏணிய விட்டு எறங்கும்.”

ஷைனி உடனே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் நடுவிலிருந்து எண்ணிப் பிரித்து, நாற்பது அடிக்குத் தெரிகிற மாதிரி ‘புத்தகமூடு’ என்று எழுதினேன். கடைசி ‘டு’வின் வாலை இழுக்கும்போது கை தானாகவே அடுத்த வரிக்குப் போய்விட்டது. முப்பத்தோரு வருடப் பழக்கம். ஊர்ப்பேருக்குக் கீழே வழி எழுதாமல் என் கை நிற்காது. ‘வழி: பூவரசமூடு’ என்று எழுதிவிட்டு இறங்கிப் பார்த்தேன். என்ன எழுதினேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பெயின்ட் வாடை என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

பிறகு கை சும்மா இருக்குமா? அலமாரியில், எடுக்கிற தட்டுக்கு மேலே ‘ஏறும் வழி’, திருப்பி வைக்கிற தட்டுக்கு மேலே ‘இறங்கும் வழி’. சின்னப் பிள்ளைகள் புத்தகம் இருக்கிற கீழ்த்தட்டில் ‘கைக்குழந்தைகள்’. பக்கச் சுவரில், ஆயுள் முழுக்க எழுதினதற்குப் பழி தீர்க்கிற மாதிரி, ‘கரம் நீட்டவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதை எழுதும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, பென்ஷன் ஆர்டர் வந்தபோதுகூட அப்படி இல்லை.

மரமும் வந்தது, என் கையால் இல்லை. கால்வாய்க் கரையில் நிற்கிற வேறொரு பூவரசிலிருந்து ஷைனி ஒரு பை நிறைய இலை பறித்துவந்தாள். பூவரசு இலை பின்பக்கம் நரம்பு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் பச்சை பெயின்டை லேசாகத் தொட்டு, சுவரில் ஒட்டி, தையல் கடை வெட்டுத்துணியைப் பந்தாகச் சுருட்டி மேலே அழுத்தி எடுத்தால் ஒரு இலை அச்சாக விழும். தண்டு மட்டும் நான் போட்டேன், நேராக, ‘ட’வின் குத்துக்கோடு மாதிரி. புத்தகம் கொண்டுவந்து வைக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு இலை அழுத்தலாம் என்று ஷைனி சட்டம் போட்டாள். தெருவே வந்தது. சமையல் குறிப்புப் புத்தகம் ஒரு இலை, பழைய தீபாவளி மலர் ஒரு இலை, அட்டை கிழிந்த ஜோசியப் புத்தகம் ஒரு இலை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மரம் செழித்து நிற்கிறது.

“பேரு குடுத்தவளுக்கு எலை இல்லியா?” என்று கேட்டாள் செல்லம் மைனி. அவளிடம் புத்தகம் எது? ஷைனி ஒரு பெரிய இலையாகப் பார்த்துப் பெயின்ட் தொட்டுக் கொடுத்தாள். மைனி துணிப்பந்து எல்லாம் வேண்டாமென்று உள்ளங்கையாலேயே அழுத்தினாள். இலையோடு அவள் கையின் ஐந்து விரலும் விழுந்துவிட்டது. அழிக்கவா என்றேன். “அழிச்சுப் பாரும்” என்றாள்.

திங்கட்கிழமை காலையில்தான் கூத்து.

நானும் ஷைனியும் இன்னும் இரண்டு பேரும் நிழற்குடையில் நின்று புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். துறையிலிருந்து வருகிற வண்டி பிரேக் பிடித்து எங்கள் முன்னால் நின்றது. டிரைவர் அந்த ரூட்டுக்குப் புதிது. மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து, நிழற்குடை, நாலு பேர். நிறுத்தாமல் என்ன செய்வான்? கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க” என்றான்.

“நாங்க எதுக்கு ஏற? பொஸ்தகம் பாக்கோம்” என்றாள் ஷைனி.

“அப்ப எதுக்கு ஸ்டாப்புல நிக்கீங்க?”

அதற்குள் பின்படியில் ஒரு கடவம் தெரிந்தது. செல்லம் மைனி. “நிண்ணாச்சுல்லா, பெறகு என்ன, எறக்கி விடு மக்கா” என்று இறங்கிவிட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு தெருமுனையில் இறங்கியிருக்கிறாள். கடவத்தை என் கையில் கொடுத்துவிட்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாள் பழைய டிரைவர்களும் நிறுத்தினார்கள். போர்டைப் பார்த்தால் அவர்கள் காலும் தானாக பிரேக்குக்குப் போகும்போல. வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது. டிப்போவின் கிளை மேலாளர். சின்ன வயது, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், மரியாதையானவர். “ஐயா, இல்லாத ஸ்டாப்புல வண்டி நிக்கிதுன்னு பயணிகள் புகார் சொல்றாங்க. பஸ் போர்டு மாதிரியே யாரோ எழுதி வெச்சிருக்காங்களாம். நீங்கதான்னு சொல்றாங்க. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க.”

“சரி சார்” என்றேன். முப்பத்தோரு வருடம் சரி சார் சொன்ன வாய், வேறு என்ன சொல்லும்? ஒரு வாளி வெள்ளையைக் கலக்கிக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஷைனி கத்திரிக்கோலோடு ஓடிவந்து என்னோடு சண்டை போட்டாள். “நிறத்தை மட்டும் மாத்துகேன் மக்கா, பச்சையில எழுதித் தாறேன்” என்றேன். பச்சையில் எழுதினால் பஸ் நிற்காது, அது எனக்கும் தெரியும்.

மீன் விற்று முடித்துத் திரும்பின செல்லம் மைனியும் வந்தாள். கடவத்தை இறக்கி, போர்டுக்கு நேர் கீழே, நான் ஏணி சாய்க்க வேண்டிய இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தாள். முட்டு இரண்டும் இளநீர்க் கூடு மாதிரி வீங்கியிருந்தது.

“அடியும். என்னையும் சேத்து வெள்ளையடியும். ஒரு தடவை முழுங்கினவருக்கு ரெண்டாவது தடவை என்ன கஷ்டம்?”

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வேலை பார்த்த காலத்தில் ஒரு மேலதிகாரியிடமும் நான் மறுத்துப் பேசினதில்லை. அன்றைக்கு ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாகப் பேசினேன். போன் போட்டு, “சார், அழிக்கதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும். பாத்துட்டு அழிக்கச் சொன்னா நானே அழிக்கேன்” என்றேன். குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஜீப்பில் வந்தார். அதுவரை செல்லம் மைனி இடத்தை விட்டு அசையவில்லை. போர்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ‘கரம் நீட்டவும்’ பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ஸ்டாப்பு இல்லையே ஐயா” என்றார்.

“தெரியும் சார். ஆர்டர் வந்து எடுத்தாச்சு.”

“எந்த ஆர்டர்?”

“மேலருந்து வந்த ஆர்டர்.”

“நீங்க பாத்தீங்களா?”

செல்லம் மைனி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

மேலாளர் ஆபீஸுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, துறை ரூட்டின் ஸ்டாப்புப் பட்டியலை வாசிக்கச் சொன்னார். அங்கே ஒரு பெண் துறையிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். நாங்கள் மூச்சுவிடாமல் நிற்கிறோம். “பள்ளிவாசல்... ரேஷன் கடை... பூவரசமூடு... பள்ளிக்கூட முக்கு...”

“நில்லும்மா. பூவரசமூடு இருக்கா?”

“இருக்கு சார். எப்பவும் இருக்கே.”

ஸ்டாப்பை யாரும் எடுக்கவே இல்லை. வேலை நடக்கிறவரை தள்ளி நிறுத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். வேலை முடிந்து வண்டி வந்தபோது மரம் இல்லை. டிரைவர்களுக்கு அடையாளம் மரம்தான். மரத்தைக் காணவில்லை, ஆகவே மூடும் இல்லை என்று போய்விட்டார்கள். நாங்களாவது கேட்டிருக்க வேண்டாமா? மரம் போச்சு, மூடும் போச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். போதாததற்கு, எல்லாம் தெரிந்த தங்கப்பன் ஆர்டர் வந்துவிட்டது என்று வேறு சொல்லிவிட்டான்.

இரண்டு வருடம். அந்த முட்டோடு, அந்தச் சுமையோடு. என் ஒரு வாய்ச்சவடாலுக்காக. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. “மைனி, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிரும்” என்றேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். “சவத்த விடும். நீருதானே முழுங்கினீரு, நீரே கக்கிட்டீருல்லா” என்று சிரித்தாள். ஷைனி சிரித்தாள். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை, ஷைனிதான் துறை போர்டு கதையை அவருக்குச் சொன்னாள். அவர் போகும்போது ‘கைக்குழந்தைகள்’ தட்டிலிருந்து மகளுக்கு ஒரு படக்கதை எடுத்தார். “பட்டியல்ல பேரு பூவரசமூடு. நீங்க புத்தகமூடுன்னு எழுதியிருக்கீங்களே?” என்று ஜீப்பிலிருந்து கேட்டார். “கீழ வழி போட்டிருக்கே சார்” என்றாள் ஷைனி.

அதன்பிறகு எல்லா வண்டியும் நிற்கிறது. கண்டக்டர்கள் யாரும் பூவரசமூடு என்று சொல்வதில்லை. போர்டில் இருப்பதைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. பொன்னையா ஃபோர்மேன் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. போன் போட்டு, “துறை வண்டியில ஏறி புத்தகமூடுண்ணு டிக்கெட் கேளுங்க சார்” என்றேன். “அப்படி ஒரு ஸ்டாப்பு கெடையாது ஓய், நான் அறியாததா?” என்றார். கேட்டுப் பாருங்கள் என்றேன். போன புதன்கிழமை பதினோரு மணி வண்டியில் வந்து இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். நாற்பது அடி எண்ணினார், திரும்பினார், கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த வயதிலும்.

பார்த்துவிட்டு நேராகப் போர்டை நோக்கி நடந்தார். நிழற்குடைத் தூண் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்தார், தூக்கித் திருப்பப்போகிற மாதிரி. நான் செத்தேன் என்று நினைத்தேன். ஒரு அசைப்பு அசைத்துப் பார்த்துவிட்டு, “திருப்ப முடியல்ல ஓய். இருந்துட்டுப் போட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கின ஒரே பாராட்டு அது.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய எழுத்தாக ஒரு புத்தகம் கேட்டார். ஷைனி எடுத்துக் கொடுத்தாள். அவர் வாசிக்க ஆரம்பித்தார். மீன் விற்று முடித்து செல்லம் மைனியும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், நாற்காலி போட்டுக் கொடுத்தவரை மறக்கவில்லை. மத்தியான வண்டி வரிசை. முதலில் வந்தது துறை போகிறது. “புத்தகமூடு, புத்தகமூடு” என்று கண்டக்டர் கூப்பிட்டான். மைனி ஏறிப் படியில் நின்றுகொண்டு, என்னைக் கையால் காட்டி ஃபோர்மேனிடம் சொன்னாள்.

“அண்ணைக்கு இருந்த ஊர முழுங்கினாரு. இண்ணைக்கு இல்லாத ஊர எழுதி பஸ்ஸ நிறுத்திட்டாரு. கணக்கு சரியாப் போச்சு சாரே.”

வண்டி போனது. அது போன கையோடு துறையிலிருந்து வருகிற நாகர்கோவில் வண்டி வந்து நின்றது. நான் அவர் கையைத் தொட்டு, “சார், உங்க பஸ்” என்றேன்.

அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல ஓய். அது போட்டும்” என்றார்.